நீரியல் மதிப்பீடும் தொழில் நேர்மையும்

அணைத் திட்டங்களில் முறைகேடு என்றதும் சிமெண்டும் ஒப்பந்தமுமே நினைவுக்கு வருகின்றன. திட்ட அறிக்கையில் உள்ள நீரியல் இயலை எவரும் ஐயுறுவதில்லை. ஆயினும், ஆற்றில் எவ்வளவு நீர் வரும், எவ்வளவு பெரிய வெள்ளம் வரக்கூடும் என்னும் இரண்டு எண்களை நம்பியே அணை எழுப்பப்படுகிறது. இவற்றை வளைக்கக் கையூட்டுத் தேவையில்லை. வேண்டிய விடை முன்கூட்டியே தெரிந்திருந்தால் போதும்.

முதலாவது எண்ணைப் பார்ப்போம். பாசனத் திட்டங்களுக்கு 75 சதவீத நம்பகத்தன்மை கொண்ட நீர்வரத்து, அதாவது நான்கு ஆண்டுகளில் மூன்றிலேனும் கிடைக்கக்கூடிய அளவு, கணக்கில் கொள்ளப்படுகிறது. ஆற்றின் நீரோட்டப் பதிவுகள் சில ஆண்டுகளுக்கே இருக்குமாயின், மழைப் பதிவுகளைக் கொண்டு முந்தைய ஆண்டுகளின் வரத்தை ஊகித்து நிரப்புவர். எந்த மழைமானி நிலையங்களைச் சேர்ப்பது, எந்த ஆண்டில் தொடங்குவது என்பவை நிபுணரின் தேர்வுக்கு உரியவை. வறண்ட ஆண்டுகள் சிலவற்றை 'நம்பத்தகாத பதிவு' என்று விலக்கினால் நீர்வரத்து உயரும், ஆயக்கட்டு விரியும், பயன்-செலவு விகிதமும் 1.5 என்ற வரம்பைத் தாண்டிவிடும். பொருளாதாரப் பரிசீலனையில் வட்டி வீதமும் விளைபொருள் விலையும் துருவித் துருவிக் கேட்கப்படுகின்றன. நீரின் அளவைப் பற்றிக் கேட்பவர் அரிது. பின்னாளில் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாதபோது, விவசாயி மழையைத்தான் நொந்துகொள்கிறார்.

வெள்ளத்தைப் பற்றிய எண் பிழைத்தால் வரும் கேடு உடனடியானது. குஜராத்தில் மோர்பி நகருக்கு மேலே 1972-இல் கட்டி முடிக்கப்பட்ட மச்சு-2 அணை, 1979 ஆகஸ்டு 11 அன்று உடைந்தது. வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கன அடி வெள்ளத்திற்கென அதன் உபரிநீர்ப் போக்கி வடிவமைக்கப்பட்டிருந்தது. வந்த வெள்ளமோ அதனினும் இரு மடங்குக்கு மேற்பட்டது. நடுவிலிருந்த கற்கட்டுமானம் நின்றது; இருபுறத்து மண்கரைகளும் அவற்றின் மேல் வழிந்த நீரால் அரித்துச் செல்லப்பட்டன. உயிரிழந்தோர் பற்றிய குறைந்த மதிப்பீடுகளே இரண்டாயிரத்தை ஒட்டி நிற்கின்றன. இது தெய்வச் செயல் என்று அன்று கூறப்பட்டது. அமைக்கப்பட்ட விசாரணை ஆணையமோ தன் பணியை முடிக்குமுன்பே 1981-இல் கலைக்கப்பட்டது. ஆகவே அந்த மதிப்பீடு அக்கால அறிவின் குறையா, கடமை தவறியதன் விளைவா என்ற கேள்விக்கு முறையான விடை கிடைக்காமலே போயிற்று. அணையைத் திரும்பக் கட்டியபோது வெளியேற்றும் திறன் பன்மடங்கு உயர்த்தப்பட்டது என்பது மட்டும் தெளிவு.

பிழை வேறு, முறைகேடு வேறு. குறைந்த பதிவுகளைக் கொண்டு நேர்மையாகக் கணித்தவர் தவறக்கூடும். அவரைக் குற்றவாளி எனல் தகாது. தம் கணக்கில் தமக்கிருந்த ஐயத்தை மறைத்தவரே அறம் பிறழ்ந்தவர். 1985-ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணயம், பெரிய அணைகள் நிகழக்கூடிய பெரும வெள்ளத்தைத் தாங்க வேண்டுமென விதித்தது. ஆனால் எந்தப் புயல்மழையை அடிப்படையாகக் கொள்வது என்னும் தேர்வு அப்போதும் மனிதரிடமே இருக்கிறது.

காலை 8.30 மணிக்கு அளக்க வேண்டிய மழையை வீட்டிலிருந்தே எழுதிவிடும் கடைநிலை ஊழியரை நாம் எளிதில் தண்டித்து விடுகிறோம். அவருடைய பொய்யைக் கண்டறிவதும் பெரும்பாலும் கடினமன்று: அண்டை நிலையங்களின் திரள் மழையளவோடு அந்நிலையத்தின் திரள் மழையளவை வரைபடத்தில் ஒப்பிட்டால் கோடு முறிந்து காட்டும். மேலலுவலகத்தில் நடக்கும் 'தேர்வு'களைக் காட்டிக்கொடுக்க இத்தகைய கோடு எதுவும் இல்லை.

அணைப் பாதுகாப்புச் சட்டம், 2021 ஆய்வைத் தடுப்போருக்கும் ஆணைகளை ஏற்க மறுப்போருக்கும் ஓராண்டு வரை, உயிர்ச்சேதம் நேர்ந்தால் ஈராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. வளைக்கப்பட்ட மதிப்பீடு இதில் எளிதில் அகப்படாது. எனவே, கோப்பைப் பரிசீலிக்கும் அலுவலர் விலக்கப்பட்ட ஆண்டுகள் எவை, அவற்றையும் சேர்த்தால் விடை என்னவாகும் என்று எழுத்தில் கேட்பது நலம். பதிவுகள் கையில் இருப்பின் அக்கணக்கைப் போட ஒரு நாளுக்கு மேல் ஆகாது.