மழைக்கு முன் ஒரு ஜோடி பூட்ஸ்: தாராவித் தம்பிக்குக் கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

ஊரிலிருந்து வந்து, தொண்ணூறு அடி ரோட்டில் அறை பிடித்து, டெலிவரி வேலைக்கு வண்டியும் எடுத்துவிட்டாய். ஹெல்மெட் வாங்கியாயிற்று, ரெயின்கோட்டும் வாங்கியாயிற்று. காலுக்கு என்ன என்று கேட்டால், "மழை வந்தா கம்பூட்ஸ் போட்டுக்கிறேன் அண்ணாச்சி" என்கிறாய். சயான் சிக்னலில் நிற்கிற பையன்களில் பாதிப் பேர் சொல்கிற பதில் இதுதான். அதனால் உனக்கு எழுதுவதை அவர்களும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். தோல் வெட்டியும் ஷூ தைத்தும் பிழைத்தவன் நான். வண்டி ஓட்டுகிறவர்களின் கிழிந்த பூட்ஸ் பழுதுக்கு என் மேசைக்கு வருகிறது. எந்த இடத்தில் அடி விழுகிறது என்பதை அந்தக் கிழிசலைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

சட்டம் உன்னை வற்புறுத்தாது. ஹெல்மெட்டுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் 129ஆம் பிரிவு இருக்கிறது; பூட்ஸுக்கு அப்படி எதுவும் இல்லை. செருப்புப் போட்டு ஓட்டினால் அபராதம் என்று 2019இல் பரவிய பேச்சை, அமைச்சர் நிதின் கட்கரியின் அலுவலகமே வதந்தி என்று மறுத்துவிட்டது. ஆகவே போலீஸுக்குப் பயந்து யாரும் பூட்ஸ் வாங்கப்போவதில்லை. உன் காலுக்காக நீயேதான் வாங்க வேண்டும்.

நீ தண்ணீரை நினைத்து வாங்கப் பார்க்கிறாய். நான் கணுக்காலை நினைத்து வாங்கச் சொல்கிறேன். ஸ்ப்ளெண்டர் வண்டி 112 கிலோ. மேலே நீ, பின்னால் சாப்பாட்டுப் பெட்டி. மழையில் நனைந்த பேவர் பிளாக்கிலோ மேன்ஹோல் மூடியிலோ முன்சக்கரம் வழுக்கினால், வேகமே இல்லாவிட்டாலும் வண்டி பக்கவாட்டில் சாயும். கால் தரையில் ஊன்றியிருக்கும்; அதன்மேல் வண்டி உட்காரும். நசுங்குவது பாதம், முறுகுவது கணுக்கால். கம்பூட்ஸ் தண்ணீரைத் தடுக்கும். ஆனால் அதன் ரப்பர் வளைந்துகொடுத்துவிடும், கணுக்காலைப் பிடித்து நிறுத்தாது. முன்பக்கம் அகலமாக இருப்பதால் கியர் லீவருக்கு அடியில் போய் மாட்டிக்கொள்வதும் உண்டு. மீன் மார்க்கெட்டில் நிற்க அது நல்ல பொருள். வண்டி ஓட்ட அது போதாது.

கடைக்குப் போனால் பூட்ஸைக் காலில் போடுவதற்கு முன் கையில் எடுத்துப் பார். ஒரு கையில் குதிகாலையும் மறு கையில் முன்பாதத்தையும் பிடித்து, துணி பிழிவதுபோல் முறுக்கு. சுலபமாக முறுகினால் திருப்பிக் கொடுத்துவிடு. பாதத்தின் அகலமான இடத்தில் அடிப்பகுதியை இரண்டு பக்கமிருந்தும் அழுத்து, உள்வாங்கக் கூடாது. குதிகாலுக்குப் பின்னால் இருக்கும் கப் விரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது. கணுக்கால் எலும்பு வரும் இடத்தில், உள்பக்கமும் வெளிப்பக்கமும், கெட்டியான வில்லை தட்டுப்பட வேண்டும். பல கம்பெனிகள் வெளிப்பக்கம் மட்டும் வைத்து ஒப்பேற்றுகின்றன. உள்பக்கம் என்ஜினில் இடிக்கிற பக்கம், அதையும் பார்.

நாக்குப் பகுதியை வெளியே இழுத்துப் பார்ப்பதும் முக்கியம். நாக்கின் இரண்டு ஓரமும் மடிப்பாக மேல்வரை தைத்திருந்தால்தான் தண்ணீர் லேஸ் வழியாக இறங்காது. நாக்கு தனியாகத் தொங்கினால், பெட்டியில் 'வாட்டர்ப்ரூஃப்' என்று எவ்வளவு பெரிதாக அச்சிட்டிருந்தாலும் நம்பாதே. தையல் போட்ட இடமெல்லாம் ஊசித் துளை. துளை இருந்தால் தண்ணீர் வரும். அதனால்தான் நல்ல பூட்ஸில் தோலுக்கு உள்ளே தனியாக ஒரு சவ்வுப் பை வைத்து, அதன் தையல்களுக்கு டேப் ஒட்டுகிறார்கள். கோர்டெக்ஸ் என்பது அப்படிப்பட்ட சவ்வுதான். வியர்வை ஆவியாக வெளியே போகும், மழைத்துளி உள்ளே வராது.

உள்ளே ஒரு லேபிளும் இருக்கும். மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரின் சின்னப் படமும் இ.என். 13634 என்ற எண்ணும் போட்டிருந்தால், அது ஐரோப்பியத் தரப்படி சோதித்த பூட்ஸ். படத்துக்குக் கீழே நான்கு இலக்கங்கள்: பூட்ஸின் உயரம், உராய்வு, வெட்டு, பக்கவாட்டு நசுங்கல். ஒவ்வொன்றும் 1 அல்லது 2. உனக்கு முதல் இலக்கம் 1 ஆக இருந்தால் குறையில்லை, பூட்ஸ் குட்டை என்றுதான் அர்த்தம். கடைசி இலக்கம் 2 ஆக இருந்தால் நிம்மதி. ஐ.பி.ஏ. என்றிருந்தால் கணுக்கால் பாதுகாப்பு, டபிள்யூ.ஆர். என்றிருந்தால் தண்ணீர்ச் சோதனையில் தேறியது.

உயரமான ரேஸ் பூட்ஸைப் பார்த்து ஆசைப்படாதே. லிஃப்ட் இல்லாத மாட்டுங்கா கட்டடங்களில் நாள் முழுக்க மாடி ஏறி இறங்குவது உன் வேலை. கணுக்காலுக்கு மேல் நான்கு விரல் உயரம் போதும். மாலையில் கடைக்குப் போ. அப்போதுதான் கால் வீங்கி உண்மையான அளவில் இருக்கும். வேலைக்குப் போடும் சாக்ஸோடு போட்டுப் பார். கடைப் படியில் நாலு முறை ஏறி இறங்கு. குதிகால் உள்ளே தூக்கிக் கொடுக்கக் கூடாது, இறங்கும்போது விரல் முன்னால் போய் இடிக்கக் கூடாது. பிறகு உன் வண்டியிலேயே உட்கார்ந்து கியர் மாற்றிப் பார். பூட்ஸின் முனை தடித்திருந்தால், மெக்கானிக்கிடம் சொல்லி லீவரைக் கொஞ்சம் உயர்த்திக்கொள். சின்ன வேலைதான்.

இவ்வளவும் இருக்கிற பூட்ஸ் விலை அதிகம், எனக்குத் தெரியும். கையில் பணம் இல்லாவிட்டால், ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 15298 (பகுதி 2) என்ற எண்ணும் உள்ள, கணுக்காலை மூடும் தொழிற்சாலை ஷூவை வாங்கு. அதன் முனைக் கவசம் 200 ஜூல் அடியைத் தாங்கும்படி சோதிக்கப்பட்டது. கணுக்காலுக்கு வில்லை கிடையாது, தண்ணீரும் ஓரளவுக்குத்தான் தாங்கும். ஆனாலும் கேன்வாஸ் ஷூவையும் செருப்பையும்விட எவ்வளவோ மேல். சயான்-பாந்திரா லிங்க் ரோட்டில் நம் தாராவித் தோல் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே தோல் நல்ல தோல். நம் ஆட்களின் கை வேலையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஜாக்கெட்டுக்கும் பைக்கும் வெட்டும் மெல்லிய தோலில் தைத்த அழகு பூட்ஸை வண்டிக்கு வாங்காதே. கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் கனம் வேண்டும்.

எங்கே வாங்கினாலும் தயாரித்த தேதியைக் கேள். பி.யூ. (பாலியூரித்தேன்) சோல் பெட்டியில் சும்மா இருந்தாலும் மும்பை ஈரத்தில் சில வருஷங்களில் உதிர ஆரம்பித்துவிடும். தள்ளுபடியில் வந்த பழைய ஸ்டாக் புதிதாகத்தான் தெரியும். முதல் மழையில் சோல் தனியாகக் கழன்று வரும்.

இனி தண்ணீருக்கு வருகிறேன். சவ்வு வைத்த பூட்ஸிலும் தண்ணீர் வரும் வழி ஒன்று உண்டு, அது மேல்வாய். ரெயின்கோட் பேன்ட்டைப் பூட்ஸுக்குள் செருகினால் தொடையில் விழுந்த மழை முழுக்க உள்ளே போகும். பேன்ட் எப்போதும் பூட்ஸுக்கு வெளியே இருக்க வேண்டும். காந்தி மார்க்கெட், ஹிந்த்மாதா, சயான் 24ஆம் நம்பர் ரோடு மூன்றும் தாழ்வான இடங்கள். பலத்த மழையும் கடல் ஏற்றமும் சேர்ந்து வந்தால் வடிகால் வாங்காது, முழங்கால் வரை நிற்கும். அங்கே எந்த பூட்ஸும் உதவாது. உள்ளே போன தண்ணீரைச் சவ்வு வெளியே விடவும் விடாது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. 2017 ஆகஸ்ட் 29 வெள்ளத்தில் பிரபாதேவியில் திறந்து கிடந்த மேன்ஹோலில் விழுந்து ஒரு மூத்த மருத்துவர் இறந்தார். தரை தெரியாத தண்ணீரில் இறங்காதே. ஆர்டர் போனால் போகட்டும்.

தவிர்க்க முடியாமல் இறங்க நேர்ந்தால், வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கு வரை துடை. கீறலோ சேற்றுப்புண்ணோ இருந்தால் எலிக்காய்ச்சல் கிருமி அதன் வழியாக நுழையும். 72 மணி நேரத்துக்குள் மாநகராட்சி மருந்தகத்துக்கோ சயான் ஆஸ்பத்திரிக்கோ போய்க் காட்டு. தடுப்பு மாத்திரை தருவார்கள். ஈர பூட்ஸை அடுப்பருகே வைக்காதே, வெயிலில் காயப்போடாதே. தோல் வெடிக்கும், ஒட்டு விடும். உள்தட்டை எடுத்துவிட்டு, பழைய செய்தித்தாளை உள்ளே திணித்து ஃபேனடியில் வை. தாள் நனைந்ததும் மாற்று. டெலிவரிப் பெட்டியில் எப்போதும் ஒரு ஜோடி உலர்ந்த சாக்ஸ் இருக்கட்டும். பருத்தி வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

புது பூட்ஸ் காலுக்குப் பழக இரண்டு வாரமாவது வேண்டும். மும்பையில் பருவமழை தொடங்கும் இயல்பான தேதி ஜூன் 11. அதனால் மே மாதச் சம்பளத்துக்குக் காத்திருக்காதே, ஏப்ரல் சம்பளம் கைக்கு வந்ததும் போய் வாங்கிவிடு. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் என் கடைக்கு வந்து என்னைக் கூப்பிடு, நான் வருகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணாச்சி