ஊசி உடைந்தால் சொல்ல வேண்டும்

வேடசந்தூர்ப் பக்கம் தையல் கம்பெனி ஒன்றில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஒரு லைனில் நம்பிக்கை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நான் கவனிப்பது ஒன்றைத்தான். ஊசி உடைந்தால் டெய்லர் உடனே கையைத் தூக்குகிறாரா?

உடைந்த துண்டுகள் எல்லாம் கிடைத்து ரெஜிஸ்டரில் ஒட்டிய பிறகுதான் புது ஊசி தருவோம். ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் அந்த பண்டிலையே தனியாக எடுத்துத் தேட வேண்டும். டார்கெட் அடிபடும். திட்டுக்குப் பயந்து ஒரு பெண் மறைத்துவிட்டால், அந்தத் துண்டு ஏதோ ஒரு குழந்தையின் சட்டைக்குள் போய்விடும். அதனால் கை தூக்கியவரிடம் நான் முதலில் கேட்பது, "கையில குத்தலையேம்மா?" என்பதுதான். அந்த ஒரு கேள்வியை, சுற்றியுள்ள முப்பது மிஷின்களும் கேட்கும். சொன்னவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். ஆயுத பூஜைக்கு பிரியாணி போடுவது நல்லதுதான். ஆனால் அந்த நம்பிக்கையை அது தராது.

பயமில்லாமல் சொல்ல இடம் வேண்டும் என்பதை எங்கள் வட்டாரத்தில் பெரிய விலை கொடுத்துத்தான் கற்றோம். 2021 ஜனவரியில், நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை பார்த்த இளம்பெண் ஒருவர் கொல்லப்பட்டார். கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். அந்தச் செய்திக்குப் பிறகு என் பதவியின் பெயரைச் சொல்லவே எனக்குக் கூசியது. பெண்கள் தலைமையில் இயங்கும் தொழிற்சங்கம் ஒன்று விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் அந்த ஆலையை நடத்திய ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனம், பெண்கள் மீதான துன்புறுத்தலைத் தடுக்க, அந்தச் சங்கத்தோடு திண்டுக்கல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. எச் அண்ட் எம் போன்ற வாங்கும் நிறுவனங்களும் இதற்குக் கட்டுப்பட்டன. துன்புறுத்தல் நடக்கிறதா என்று கவனிக்க, தொழிலாளிகளிலிருந்தே சிலரைத் தேர்ந்து பயிற்சி கொடுத்தார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்பதை எழுத்திலேயே வைத்தார்கள். முதல் ஆண்டில் 185 புகார்கள் வந்தன, அவற்றில் 182 தீர்ந்தன. பெரும்பாலானவை ஒரு வாரத்துக்குள்ளேயே முடிந்தன. 185 புகாரா என்று மலைப்பவர்கள் உண்டு. அத்தனை பேர் வாய் திறந்தார்களே என்று எனக்கு மனம் நிறைந்தது.

எங்கள் கம்பெனியில் அப்படி ஒப்பந்தம் இல்லை. என் கைக்கு எட்டியதைச் செய்கிறேன். பாத்ரூம் போக டோக்கன் கேட்பதில்லை. ஒரு புகாரை யார் சொன்னார்கள் என்பதை மேலே சொல்வதில்லை. மில் பஸ் தாமதமோ ஓ.டி. கணக்கில் குறையோ, என்னால் தீர்க்க முடியாததாக இருந்தாலும் மறுநாள் காலை மிஷினுக்கே போய், "ஆபீஸ்ல பேசினேன், இன்னும் முடியல" என்று சொல்லிவிடுவேன். ஒடிசாவிலிருந்து வரும் பெண்களை அவர்கள் பாஷை தெரிந்தவர் பக்கத்தில் உட்கார வைக்கிறேன், ஏனென்றால் சைகையில் புகார் சொல்ல முடியாது.

ஒரு வாரம் முழுக்க எந்தப் புகாரும் வராவிட்டால், சாப்பாட்டு நேரத்தில் என் டிபன் பாக்ஸோடு அவர்கள் வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வேன்.