நல்லெண்ணெயும் நம் நல்வாழ்வும்

எள்ளின் நெய்யே முதலில் ‘எண்ணெய்’ எனப்பட்டது. பிற வித்துகளின் நெய்க்கும் அப்பெயர் பொதுவான பின்னர், எள்ளெண்ணெய் ‘நல்லெண்ணெய்’ என வழங்கலாயிற்று. அந்த ‘நல்ல’ என்னும் அடைமொழி எவ்வளவில் பொருந்தும் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

கள்ளக்குறிச்சியை அடுத்த கல்வராயன் மலையில் அமைந்த ஊர் கரியாலூர். சாமையும் கேழ்வரகும் விளையும் மலைப்பகுதி அது. இத்தானியங்களில் கொழுப்பு குறைவு. கீரையிலுள்ள கரோட்டீன் என்னும் சத்தோ, சிறிதளவு கொழுப்புடன் உண்டாலன்றி உடலில் நன்கு சேர்வதில்லை. ஆகவே, சாமைச் சோற்றுடன் உண்ணும் கீரையில் தாளித்துவிடும் எண்ணெய் சுவைக்காக மட்டும் அன்று. கீரையின் பயனை உடலுக்குச் சேர்ப்பதும் அதுவே.

எள்ளில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். அவ்வெண்ணெயில் நூற்றுக்குச் சுமார் 15 பங்கே நிறைவுற்ற கொழுப்பு. பசுநெய்யில் அது 60 பங்குக்கும் மேல். நல்லெண்ணெயிலுள்ள செசமின், செசமோலின் முதலிய பொருள்கள் அது விரைவில் காறிப்போகாமல் காக்கின்றன.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இரத்தக் கொதிப்புக்கு மருந்து உண்டு வந்தோர், 45 நாள்கள் சமையலுக்கு நல்லெண்ணெயையே பயன்படுத்தினர். அவர்தம் இரத்த அழுத்தம் குறைந்தது. இதனைப் படிப்போர் ஒன்றை மறத்தலாகாது. அவர்கள் மருந்தை விட்டவர் அல்லர். மருந்துடன் எண்ணெயையும் கொண்டவர். “நல்லெண்ணெய் இருக்க மாத்திரை எதற்கு?” என்று நம் இல்லத்துப் பெரியோர் மருந்தை நிறுத்துவது உயிருக்கே இடராகும்.

நாம் கைக்கொள்ள வேண்டியவை:

1. அளவு. எந்த எண்ணெயாயினும் ஒரு கிராம் 9 கலோரி தரும். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2,000 கலோரி உணவுக்கு எண்ணெயும் நெய்யும் சேர்த்து 27 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி, எனக் குறித்துள்ளது. நால்வர் உள்ள இல்லத்துக்குத் திங்களுக்கு மூன்றரை லிட்டர் போதும்.

2. பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சலாகாது. அதனால் எண்ணெய் சிதைந்து, தீய பொருள்கள் உண்டாகின்றன.

3. நல்லெண்ணெயில் ஒமேகா-3 கொழுப்பு மிக அரிது. மீன் உண்ணாத நாம் ஆளிவிதை, அக்ரூட், கடுகெண்ணெய் ஆகியவற்றுள் ஒன்றையும் உணவில் சேர்த்தல் வேண்டும்.

4. செக்குக்கு அனுப்புமுன் எள்ளை வெயிலில் உலர்த்திச் சலித்துப் பார்க்க வேண்டும். ஈரம் இருப்பின் பூஞ்சணம் பற்றும். பாராது விடின் சிற்றுயிர்கள் வித்துடன் நசுங்கும். உடல்நலமும் அகிம்சையும் ஒரே செயலில் காக்கப்படுகின்றன.

நுகர்பொருளுக்கு எல்லை வகுத்துக்கொள்ளும் போகோபபோக பரிமாண விரதத்தை நாம் பாடமாகக் கற்கிறோம். திங்கள்தோறும் எண்ணெய்ப் பாத்திரத்தை அளந்து வைக்கும் இல்லத்தில் அவ்விரதம் அடுக்களையிலேயே தொடங்குகிறது. அளவறிந்து பயன்படுத்துவோர்க்கே நல்லெண்ணெய் நல்ல எண்ணெய்.