சாம்பல் தொட்டி ஓவியர்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க் நகரத்தில் வாழ்ந்த ஓவியர் சிலரைக் கலைவரலாற்றார் ‘சாம்பல் தொட்டிக் குழுவினர்’ என வழங்குகின்றனர். நிலக்கரி எரித்த வீட்டார் தத்தம் அடுப்புச் சாம்பலைக் கொட்டித் தெருவோரத்தில் வைத்த தொட்டிகளே இப்பெயர்க்குக் காரணம். பெயரில் இகழ்ச்சி உண்டென்பது வெளிப்படை. இகழ்ந்தவர் யாவர், எதன்பொருட்டு இகழ்ந்தனர் என்பது நாம் ஆராயத் தக்கது. ஓவியம் வாய்விட்டுப் பேசவேண்டுமோ, உள்ளதைக் காட்டினால் அமையுமோ என்னும் பெருவழக்கு அதனுள் அடங்கிக் கிடக்கின்றது.

இக்குழுவினர்க்கு ஆசானாய் விளங்கியவர் ராபர்ட் ஹென்ரை. 1890-களில் பிலடெல்பியா நகரில் அவருடைய ஓவியக்கூடத்திலே ஜான் ஸ்லோன், வில்லியம் கிளாக்கன்ஸ், ஜார்ஜ் லக்ஸ், எவரெட் ஷின் என்னும் இளைஞர் நால்வர் கூடினர். நால்வரும் செய்தித்தாள்களுக்குப் படம் வரைந்து பிழைத்தவர். நிழற்படத்தைச் செய்தித்தாளில் எளிதாக அச்சிட இயலாதிருந்த காலம் அது. யாண்டேனும் தீப்பற்றியதெனின் ஓவியன் ஆங்கு விரைந்து சென்று, கண்டவற்றைத் துண்டுத் தாளிற் சில கோடுகளாற் குறித்துக்கொண்டு, எஞ்சியதை நினைவினின்றும் வரைந்து முடித்தல் வேண்டும். விரைந்த கையும் மறவாத கண்ணும் அவர்க்கு வாய்த்தது இத்தொழிலினாலேயாம். ஸ்லோன் மட்டும் பெரும்பாலும் அலுவலகத்திலிருந்தே அணிப்படங்கள் வரைந்தார் என்பர். தெருவை அவர் பின்னரே கற்றுக்கொண்டார்.

ஒருவர்பின் ஒருவராக இவர்கள் நியூயார்க் சேர்ந்தனர். 1907-ஆம் ஆண்டில் தேசிய ஓவியக் கழகத்தார் இவர்தம் படங்களிற் சிலவற்றைத் தள்ளவே, ஹென்ரை சினந்து தம் படங்களையும் மீட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டு பிப்ரவரித் திங்களில் மாக்பெத் என்பார் காட்சிசாலையில், வேறு மூவரும் உடன்சேர, எண்மராகத் தனிக்காட்சி நடத்தினர். அக்காட்சியின் புகழ் பலராலும் பேசப்பட்டதே. நாம் ஸ்லோனுடைய சன்னலண்டை செல்வோம்.

1904-ஆம் ஆண்டு முதல் ஸ்லோன் மேற்கு இருபத்துமூன்றாம் தெருவில் மேல்மாடியொன்றிற் குடியிருந்தார். எதிர்வீடுகளின் பின்புறமும் மொட்டைமாடிகளும் அவர் கண்ணுக்கு எட்டின. நகர வாழ்க்கையைப் பற்றி அவர் செதுக்கிய பத்துச் செப்புத்தகட்டுப் படங்களுள் ஒன்று, வேனில் இரவிற் புழுக்கம் தாங்காமல் மாடியிற் படுத்துறங்கும் மக்களைக் காட்டுவது. மற்றொன்றில், ஒழுங்கற்ற அறையில் உள்ளாடையுடன் அமர்ந்த மாது ஒருத்தி செய்தித்தாளின் மகளிர் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கின்றாள். 1906-இல் நீர்வண்ண ஓவியர் சங்கத்தார் இப்பத்தனுள் நான்கைக் கீழ்மையுடையன என்று திருப்பிவிட்டனர். 1909-இல் அவர் தீட்டிய ‘விடியற்காலை மூன்று மணி’ என்னும் படத்தில், பெண் ஒருத்தி இரவுடையுடன் அடுப்பண்டை நின்று சமைக்கின்றாள்; வெளியே சென்று வந்த மற்றொருத்தி அமர்ந்து தேநீர் பருகுகின்றாள். அவ்வளவே. அவர்கள் யார், அந்நேரத்தில் ஏன் விழித்திருக்கின்றனர் என்று ஓவியர் சொல்வதில்லை. தமிழ் பயில்வார்க்கு இது தன்மையணி. தண்டியலங்காரம் பொருளணிகளுள் முதற்கண் வைத்த இவ்வணியை நாம் எளியதென்று விரைந்து கடந்துவிடுவதுண்டு. இப்படத்தைக் கண்டபின் அங்ஙனம் கடத்தல் அரிது.

பிறர் அறியாமல் அவர்தம் அறையை நோக்குதல் முறையோ எனின், முறையன்றென்றே நமக்குத் தோன்றுகின்றது. ஸ்லோனும் அதனை உணராதவர் அல்லர். 1910-இல் அவர் செதுக்கிய ‘இரவுச் சன்னல்கள்’ என்னும் படத்தில், சன்னலருகே நிற்கும் பெண்ணை மட்டுமன்றி, மாடியிருளிலிருந்து அவளைப் பார்க்கும் ஆடவனையும் சேர்த்தே வரைந்திருக்கின்றார். பார்ப்பவனும் பார்க்கப்படுகின்றான்.

இனி வழக்கிற்கு வருவோம். ஹென்ரையின் மாணாக்கராகிய ஜார்ஜ் பெல்லோஸ் 1913-இல் ‘மலைமுழை வாழ்நர்’ எனத்தகும் பெயரால் ஒரு பெரும்படம் தீட்டினார். நகரின் கீழ்க்கிழக்குப் பகுதியில் வானளாவிய குடியிருப்புகள் இருமருங்கும் நெருக்கி நிற்கின்றன. குறுக்கே கொடிகளில் துணிகள் காய்கின்றன. வெம்மைக்கு ஆற்றாது மக்களெல்லாம் தெருவிலும் படிகளிலும் நிறைந்திருக்கின்றனர். இக்காட்சியையே அவர் ‘தி மாஸஸ்’ என்னும் சமதர்ம இதழுக்கும் கோட்டோவியமாக வரைந்தார். அதன்கீழ், இம்மக்கள் விடுமுறைக்கு நாட்டுப்புறம் போனாலென்ன என்னும் பொருள்படச் செல்வரை எள்ளும் ஒரு வரி அச்சாயிற்று. அவ்வரியோடு காணின் படம் ஒரு வாதம்; தலையெழுத்தின்றிக் காணின், சிறுவர் விளையாட்டும் தாயர் கூச்சலும் வெயிலும் ஒருங்கே எழுகின்றன. பின்னதே பெரிதென்பது நம் துணிபு.

இவ்வரிகளே 1916-இல் அவ்விதழைப் பிளந்தன. ஓவியரைக் கேளாமல் பதிப்பாளர் படங்களுக்குக் கீழ்வரி சேர்த்தல் தகாதென்று ஸ்லோன் முதலியோர் எதிர்த்தனர். கருத்தின்றிச் சாம்பல் தொட்டிகளையும் தெருப்பெண்களையும் வரைவதே இவர்க்கு வேலை என்று உடனுழைத்த ஆர்ட் யங் குறைகூறினார். ஸ்லோன் விலகினார். குழுவின் பெயர் பிறந்தது அக்குறைமொழியிலேதான். செல்வர் மட்டுமே இகழ்ந்தனர் என எண்ணியிருப்பார்க்கு இது வியப்பளிக்கும்.

ஏழையரின் துயரைக் காட்டாது அவர்தம் இன்பத்தையே காட்டினார், ஆகலின் ஸ்லோன் நெஞ்சீரம் அற்றவர் என்பாரும் உளர். அவர் 1910-இல் சமதர்மக் கட்சியிற் சேர்ந்தவர். 1911 மார்ச்சு 25-ஆம் நாள் நியூயார்க்கில் டிரையாங்கில் என்னும் சட்டைத் தொழிற்சாலை தீப்பற்றி 146 பேர் மாண்டனர், பெரும்பாலோர் இளம்பெண்கள். ஸ்லோன் உடனே ‘தி கால்’ என்னும் செய்தித்தாளுக்கு ஒரு கேலிச்சித்திரம் வரைந்தார்: கரிய முக்கோணம், அதன் பக்கங்களில் வாடகை, வட்டி, இலாபம் என்னும் சொற்கள், நடுவே கருகிய பெண்ணுடல். அதில் எழுத்து உண்டு, சினமும் உண்டு.

மறு ஆண்டு அவர் ‘ஞாயிற்றுக்கிழமை: கூந்தல் உலர்த்தும் பெண்கள்’ என்னும் வண்ணப்படத்தைத் தீட்டினார். வெளுத்த துணிகள் காற்றில் அசைய, மொட்டைமாடி வெயிலில் பெண்கள் மூவர் தலைமுடியை விரித்துப் பேசிக்கொண்டிருக்கின்றனர்.