அடுக்கிய தகரம் ஒட்டாமல் இருக்க

லயத்துக் கூரையை மாற்றத் தகரம் வந்து இறங்குகிறது. வேலை தொடங்கும் வரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கிறோம். பிறகு எடுக்கப் போனால், "ஒட்டிக்கிச்சு, பிரிக்கவே முடியலையே!" என்கிறோம். ஏன் இப்படி?

இரண்டு தகரத்துக்கு நடுவில் மழைத்தண்ணியோ பனியோ இறங்கினால் மெல்லிய படலமாகப் பரவி நிற்கும். காற்றுப் புக இடமில்லாததால் தகரங்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். பீலி செய்யும் தட்டைத் தகரம்தான் அதிகம் ஒட்டும். அதோடு, தகரத்தில் பூசியுள்ள நாகம் காற்றோட்டமில்லாத ஈரத்தில் அரித்து வெள்ளைப் பொடியாகும். நாகம் போனால் இரும்பு துருப்பிடிக்கும். கூரையும் சீக்கிரம் ஒழுகும்.

நாம் செய்ய வேண்டியவை:

1. வெறுந்தரையில் அடுக்காமல் மரக்கட்டை மேல் அடுக்குவோம். ஒரு பக்கத்தை உயர்த்தி வைத்தால் தண்ணி வடியும்.

2. நனைந்த தகரத்தை அன்றைக்கே பிரித்து, துடைத்துக் காயவைப்போம்.

3. பல நாள் வைப்பதானால் இடையில் காய்ந்த மரச்சட்டம் வைப்போம். பச்சை மரம் வேண்டாம், அதிலும் ஈரமுண்டு.

4. பொலித்தீனால் இறுகச் சுற்றினால் உள்ளே வேர்க்கும். கூரைக்குள் இடமில்லையென்றால், காற்றுப் போகும்படி தறப்பாள் கட்டுவோம்.

ஒட்டிய தகரத்தைப் பிடித்து இழுக்காதீங்க. பூச்சு சுரண்டிப் போகும், கையும் அறுபடும். கையில் தடித்த துணியைச் சுற்றிக்கொண்டு, ஓரத்தில் மெல்லிய மரத்துண்டைச் செருகிக் காற்றுப் புகவிட்டு, இரண்டு பேராகத் தூக்குங்க.

தகரம் இறங்கும் அன்றைக்கே இந்தச் சின்ன வேலையைச் செய்துவிட்டால், நம் பிள்ளைகள் பல மழைக்காலம் நனையாமல் தூங்கலாம்.