செய்தி சேர்ந்ததா?

கடிதத்தைத் தபாற்பெட்டியில் போட்டுவிட்டால் போதுமா? அது உரியவர் கையில் சேர்ந்ததா என்று அறிய வேண்டாமா? கம்பியின்றிச் செய்தி அனுப்பும் சிறு உணர்கருவிகளைப் பற்றியும் நாம் இதையே கேட்க வேண்டும்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடற்கரைக்கு அப்பால் கிரேட் டக் என்றொரு தீவு உள்ளது. அங்கே பெட்ரல் என்னும் கடற்பறவைகள் மண்ணில் வளை தோண்டி முட்டையிடுகின்றன. அடைகாக்கும் பறவையை மனிதர் தொந்தரவு செய்தால், அது முட்டையைக் கைவிட்டுப் போய்விடக் கூடும். ஆகவே 2002-ஆம் ஆண்டு கோடையில், பெர்க்லியிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தாரும் பிறரும் 32 உணர்கருவிகளை அத்தீவில் வைத்தனர். வளையின் வெப்பநிலை முதலியவற்றை அவை வானொலி அலைகளால் அறிவித்தன. ஒவ்வொன்றுக்கும் உணவு, சுவர்க் கடிகாரத்தில் போடும் அளவுள்ள இரண்டு பாட்டரிகளே!

இத்தகைய கருவிகளின் செய்தித் திறனை எவ்வாறு அளப்பது?

முதலாவதாக, ஒவ்வொரு செய்திக்கும் வரிசை எண் இடவேண்டும். 100 அனுப்பி 87 வந்தால், சேர்ந்தவை 87 விழுக்காடு. எவை தொலைந்தன என்பதை எண்களே காட்டிவிடும். ஒரே செய்தி இருமுறை வந்தாலும் ஒன்றாகவே எண்ணலாம்.

இரண்டாவதாக, இரு திசையிலும் அளக்கவேண்டும். இங்கிருந்து அங்கே நன்றாகப் போகும் செய்தி, அங்கிருந்து இங்கே வராமற் போவதுண்டு. "கிடைத்தது" என்ற பதில் வராவிட்டால், கருவி அதே செய்தியை மீண்டும் அனுப்பிப் பாட்டரியை வீணாக்கும்.

மூன்றாவதாக, செலவான மின்னாற்றலை, அனுப்பிய செய்திகளின் எண்ணிக்கையால் அல்ல, சேர்ந்த செய்திகளின் எண்ணிக்கையால் வகுக்கவேண்டும். அதுவே உண்மையான செலவுக் கணக்கு.

அலை வலுவாக இருப்பதை மட்டும் கண்டு மகிழ்ந்துவிடலாகாது. அருகிலுள்ள வேறொரு கருவி அதே அலைவரிசையில் பேசினால், வலுவான செய்தியும் சிதைந்துபோகும். ஒரு மணி நேரம் அளந்ததும் போதாது. பகலிலும் இரவிலும், வெயிலிலும் மழையிலும் அளந்து பார்க்கவேண்டும்.

இதில் நமக்கொரு பாடமும் உண்டு. ஒரு வளையிலிருந்து செய்தி வரவில்லை என்பதால், அங்கே பறவை இல்லை என்று எழுதலாமா? கூடாது. வழியில் செய்தி தொலைந்திருக்கலாம். வராத அளவை ஊகித்து நிரப்புவதும் தவறே. ஆய்வுக்கூடத்தில் நம் ஏட்டிலும் அளக்காத இடம் வெற்றிடமாகவே இருக்கட்டும். அழகான பொய்க் கணக்கைவிட, குறையுள்ள மெய்க் கணக்கே அறிவியலுக்குப் பயன் தரும்.