பாட்டியின் எடை

சிவகாசிப் பக்கம் தீப்பெட்டி ஒட்டி நம்மை வளர்த்த பாட்டி மெலிந்தால், "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடுகிறோம். அது காசநோயாகவும் இருக்கலாம். இந்நோய் பசியைக் கெடுத்து, தசையைக் கரைக்கும். மிக மெலிந்த முதியோர் மருந்து உண்டும் இறக்க நேரிடலாம்.

எடையை (கிலோ) உயரத்தின் (மீட்டர்) வர்க்கத்தால் வகுத்துப் பாருங்கள். 18.5க்குக் கீழ் மெலிவு; 14 அல்லது அதற்கும் கீழ் பேராபத்து. 150 செ.மீ. உயரமுள்ள பாட்டி 31.5 கிலோ இருந்தால் விடை 14. இத்தகைய நோயாளிகளை மருத்துவமனையில் சேர்த்துக் காக்கவே 2022இல் தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம் தொடங்கியது.

ஜார்க்கண்டில் நோயாளிகளுக்குச் சத்துணவு அளித்த ஆய்வின் முடிவு 2023இல் வெளியாயிற்று. முதலிரு மாதங்களில் எடை 5 விழுக்காடு கூடியோருக்கு இறப்பு அபாயம் சுமார் 61 விழுக்காடு குறைவு.

பாட்டியை இன்றே எடை பாருங்கள். இரு வாரம் இருமல் நீடித்தால் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நோயுற்றோரைப் பேணுவதும் செபமே!